மாமியின் விரலுக்கு ஏற்ற கேம்

கல்முனை பஜாரில் நான் நடத்துவது போன் திருத்தும் கடை. ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் கேம் கேட்கத்தான் வருகிறார்கள். இரண்டு கைக்குள் அடங்குகிற, திரையைத் தொட்டு விளையாடுகிற அந்தக் கருவியை எங்கள் கடையில் 'கேம் செட்' என்போம். கட்டாரில் இருந்தோ சவூதியில் இருந்தோ யாராவது கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள். பெட்டியைப் பிரித்த கையோடு என் மேசைக்கு வந்து, "இதுக்கு நல்ல கேம் எதுகள் எண்டு சொல்லுங்க காக்கா" என்பார்கள். காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். முன்பெல்லாம் நான் யோசிக்கவே மாட்டேன். கார் ஓட்டம், கால்பந்து, சண்டை, இன்னும் இரண்டு கார் ஓட்டம் என்று மூச்சு விடாமல் ஒப்புவிப்பேன். எனக்குப் பிடித்தது ஊருக்கே பிடிக்கும் என்ற திமிர் அது.

இப்போது "ஆரு விளையாடப் போற?" என்று முதலில் கேட்கிறேன். இப்படிக் கேட்க என்னைப் பழக்கியவர் என் மாமி, மனைவியின் உம்மா. என்னோடு ஒரு வார்த்தைகூடக் கதைக்காமலே அவர் அதைச் செய்து முடித்தார்.

கதைக்கவில்லை என்றதும் ஏதோ கோபதாபம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊர்களில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். நானும் அப்படித்தான், ஒரு பயணப்பையும் இரண்டு கேம் செட்டுமாக மருதமுனையில் இருந்து சாய்ந்தமருதுக்கு வந்து சேர்ந்தேன். ஒரே கூரைக்குக் கீழே வாழ வேண்டும். ஆனால் மாமியும் மருமகனும் முகத்துக்கு முகம் பார்த்துக் கதைப்பது மரியாதை இல்லை என்பது பழைய ஆட்களின் வழக்கம். சில வீடுகளில் இப்போது அதெல்லாம் தளர்ந்துவிட்டது. எங்கள் மாமி தளர்கிற ஆள் இல்லை. முன் வாசலில் நான் செருமினால் போதும், சமையல் நடக்கிற குசினியின் திரைக்குப் பின்னால் போய்விடுவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். மேசையில் நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். திரைக்கு அந்தப் பக்கம் மாமி. நடுவில் மனைவி.

"மருமகனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமாண்டு கேளு."

"வேணாம் எண்டு சொல்லு. வயிறு நிறைஞ்சிட்டு."

"மீன் துண்டு ஒண்டாவது எடுக்கச் சொல்லு."

"ஓம், எடுக்கிறன் எண்டு சொல்லு."

மனைவி வாயே திறந்திருக்க மாட்டாள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் என்ன டெலிபோன் கம்பியா?" என்பாள். எட்டு மாதம் இப்படியே சந்தோஷமாக ஓடியது. மாமியின் கைச் சமையலில் நான் இரண்டு சுற்றுப் பெருத்தும் போனேன்.

அந்தக் கைதான் உடைந்தது. குளியலறை வாசலில் சவர்க்கார நுரைத் தண்ணீர் கிடந்திருக்கிறது. மாமி வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு கிழமை பிளாஸ்டர் போட்டார்கள். அதைக் கழற்றிய பிறகு பார்த்தால் விரல் ஐந்தும் பாதி மடிந்தபடி இறுகி நின்றன. நீட்டவும் வரவில்லை, பொத்தவும் வரவில்லை. பிசியோதெரபி மிஸ் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் நூறு தரம் அமுக்கச் சொன்னார். மாமி மூன்று நாள் அமுக்கினார். நான்காம் நாள் பந்து கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது.

இடது கையால் சாப்பிட மாமி சம்மதிக்கவில்லை. அது மார்க்கத்தில் விலக்கிய காரியம். வலது கையில் கரண்டி நிற்கவில்லை. அதனால் குசினிக் கதவை அரைவாசி சாத்திக்கொண்டு மனைவிதான் ஊட்டிவிட்டாள். இது எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் மூன்று மாதத்தில் மச்சிக்கு, அதாவது மனைவியின் தங்கைக்கு, கல்யாணம் என்று நாள் குறித்த அன்று எல்லாமே என் காதில் விழுந்தது.

எங்கள் கல்யாணச் சாப்பாடு சஹன் சாப்பாடு. ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, நடுவில் முழுக்கோழி வைத்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து கையால் அள்ளிச் சாப்பிடுவோம். பெண்ணின் உம்மாவும் மாப்பிள்ளையின் உம்மாவும் ஒரே சஹனில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் இரண்டு குடும்பமும் ஒன்றானதாகக் கணக்கு.

"சம்மந்திக்கு முன்னால என்னெண்டு நான் சஹன்ல இரிக்கிற?" என்று மாமி கேட்பது திரைக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. "பச்சப்புள்ளைக்கு ஊட்டுற மாதிரி நீ எனக்கு ஊட்டுறதா? எனக்கு ஏலா. நான் அண்டைக்கு குசினிக்குள்ளேயே இரிந்திடுறன். ஆரும் கேட்டா சுகமில்ல எண்டு சொல்லுங்க."

அதைச் சொல்லிவிட்டு அழுதார். சொந்த மகளின் கல்யாணத்தில் ஒளிந்திருக்கப்போகிற அந்த மனுசியை நினைத்து எனக்கும் சோறு இறங்கவில்லை. எட்டு மாதம் எனக்குச் சோறு போட்ட கை அது.

அன்று பின்னேரம், மிஸ் எழுதிக் கொடுத்த பயிற்சித் தாளை மனைவியிடம் வாங்கிப் படித்தேன். ஒவ்வொரு விரலாகத் தட்ட வேண்டும். விரல் நுனியால் இழுக்க வேண்டும். இரண்டு விரலைச் சேர்த்து விரிக்க வேண்டும். பிடித்து வைத்து விட வேண்டும். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. நான் நாள் முழுக்கக் கடையில் இருந்து செய்வதே இதைத்தான்! என்னுடைய இரண்டாவது கேம் செட்டைத் துடைத்து, மனைவியிடம் கொடுத்து உள்ளே அனுப்பினேன்.

முதலில் சிபாரிசு செய்தது குமிழி உடைக்கிற கேம். தட்டினால் பட்டென்று வெடிக்கும், கலர் கலராகத் தெறிக்கும். சுட்டு விரலுக்கு அருமையான பயிற்சி. மறுநாள் காலை கேம் செட் துவாய்த் துணியில் சுற்றப்பட்டு என் மேசைக்குத் திரும்பி வந்தது. "சின்னப்புள்ளட சாமானாம்" என்றாள் மனைவி.

இரண்டாவது, மீன் பிடிக்கிற கேம். தூண்டிலைத் திரையில் இழுத்து இழுத்து மீனைக் கரை சேர்க்க வேண்டும். இது நிச்சயம் பிடிக்கும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொடுத்தேன். மாமியின் வாப்பா கடலுக்குப் போனவர் என்பதை மறந்துவிட்டேன்.

"இது செத்த மீனாம்" என்று வந்து சொன்னாள் மனைவி. "உசிரோட இரிக்கிற பாரை இப்பிடியா வரும், கையப் பிச்சிக்கிட்டுப் போயிருமே எண்டு கேக்குறா."

"அது கேம். அதுல அப்பிடித்தான் வரும் எண்டு சொல்லு."

"அப்ப அத பாரை எண்டு சொல்லாம வேற பேரு வைக்கச் சொல்றா."

இந்த வாக்குவாதம் கால் மணித்தியாலம் நடந்தது. பாரை முதலில் ஆழத்துக்கு ஓடுமா, பக்கவாட்டில் ஓடுமா என்பதில் எனக்கும் மாமிக்கும் உடன்பாடு வரவில்லை. மனைவி திரைக்கு அங்கும் இங்கும் நடந்து களைத்துப் போனாள். எனக்கோ உள்ளுக்குள் பெரிய சந்தோஷம். சோறு வேண்டுமா, மீன் வேண்டுமா என்பதைத் தாண்டி நானும் மாமியும் கதைத்த முதல் கதை அதுதான்.

மூன்றாவது, பயிர் செய்கிற கேம். அதை மாமியின் கைக்குப் போகவே மாமா, மனைவியின் வாப்பா, விடவில்லை. மாமாவுக்கு மாவடிப்பள்ளியில் வயல் இருக்கிறது. எட்டிப் பார்த்தவர் அப்படியே கையில் வாங்கிக்கொண்டார். முதல் நாள் முழுக்கத் திட்டித் தீர்த்தார். "வாய்க்கால் இல்ல, மதகு இல்ல, வட்டவிதானையும் இல்ல. இவனுக்குத் தண்ணி எங்க இரிந்து வருது? கேக்க ஆளில்லாம வெள்ளாம செய்றான்!" என்றார். வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானையோடு வருடம் முழுக்க மல்லுக்கட்டுகிற மனுசனுக்கு அது பொறுக்கவில்லை. ஆனால் இரண்டாம் நாளில் இருந்து கேம் செட் கீழே இறங்கவில்லை. உண்மையான வயலில் களை மண்டிக் கிடக்க, மாமா திரையில் தக்காளி பிடுங்கிக்கொண்டிருந்தார். கடைசியில், மாமாவிடம் அதைத் திருப்பி வாங்கித் தரும்படி என்னிடம் சொல்லச் சொல்லி மாமி மனைவியிடம் சொன்னார்.

நான்காவதாகக் கொடுத்த சமையல் கேமைப் பற்றி அதிகம் சொல்லாமல் இருப்பது நல்லது. அதில் வருகிற சமையல்காரன் அரிசியைக் கழுவாமல் உலையில் போட்டானாம். அவன் கையால் ஆக்கியதைத் திரையில்கூடப் பரிமாற மாட்டேன் என்று மாமி சொல்லிவிட்டார்.

இரண்டு கிழமை போய்விட்டது. விரல்கள் அப்படியே இருந்தன. கடையில் பெரிய நிபுணன் மாதிரி ஊருக்கே கேம் சொல்கிறவனால் ஒரே ஒரு மனுசிக்கு ஏற்றதைச் சொல்ல முடியவில்லை. வெட்கத்தை விட்டு மனைவியிடம் கேட்டேன்.

"மாமி குமரியா இரிக்கக்குள்ள என்ன விளையாடினவ?"

மனைவி யோசிக்கவே இல்லை. "கெரம்! அவட கூடப்பொறந்த மாமாமாரோட இரிந்து அடிச்சி, ஒருத்தரையும் வெல்ல விடமாட்டாவாம். கெரம் போர்ட ஒளிச்சி வச்சாங்களாம்."

அட அல்லாஹ்வே, இதை முதல் நாளே கேட்டிருக்கலாமே! கெரம் கேமைப் போட்டுக் கொடுத்தேன். ஸ்ட்ரைக்கரை விரலால் தொட்டு, பின்னால் இழுத்துப் பிடித்து, குறிபார்த்து விட வேண்டும். தாளில் மிஸ் எழுதியதெல்லாம் அதற்குள் இருந்தது. இரண்டு கேம் செட்டும் ஒரே வீட்டுக்குள் இருந்தால் கம்பி இல்லாமலே தொடுத்து இரண்டு பேர் விளையாடலாம். மாமியும் மனைவியும் ஆடினார்கள். ஓர் ஆட்டத்துக்கு ஒரு விரல் என்று நான் சட்டம் போட்டு அனுப்பினேன். மாமி மறுபேச்சுப் பேசவில்லை. சில வேளை மனைவி மாமியின் செட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் இருந்து ஆடுவாள், நான் முன் ஹோலில் இருந்து ஆடுவேன்.

இந்த ஏற்பாட்டில்தான் எனக்கு வினை வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து சாப்பிட்டு, ஹோலில் கண் அசந்துவிட்டேன். எழும்பும்போது ஆட வரும்படி திரையில் அழைப்பு வந்திருந்தது. மனைவி உள்ளே இருந்து கூப்பிடுகிறாள் என்று ஆடத் தொடங்கினேன். அன்றைக்கு அவள் ஆட்டம் மாறியிருந்தது. குறிபார்க்க ஒரு யுகம் எடுத்தாள். ஆனால் விட்டால் காய் குழிக்குள்தான். வியர்த்து விறுவிறுத்து, கடைசிக் காயில் மயிரிழையில் வென்றேன்.

ஆட்டம் முடிந்ததும் விரலால் படம் கீறி எதிராளிக்கு அனுப்பலாம். முக்காடு போட்ட ஒரு கழுதையைக் கீறினேன். கீழே, "தோத்த கழுத, எழும்பி வந்து தேத்தண்ணி ஊத்து" என்று எழுதி அனுப்பினேன்.

குசினிக்குள் ஏதோ விழுந்து உருண்டது. கேத்தலை எடுக்கப் போயிருக்கிறாள் என்று காலை நீட்டிக்கொண்டேன்.

அப்போது தெருக் கேற் திறந்தது. மனைவி தையல்காரியின் பையோடு உள்ளே வந்தாள். "இஞ்ச பாருங்க, சட்டக் கை ரெண்டையும் ரெண்டு அளவுல தச்சிரிக்கா" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். திரையைப் பார்த்தேன். குசினித் திரையைப் பார்த்தேன்.

"நீ… உள்ளுக்க இரிக்கல்லையா?"

"நீங்க உறங்கின கையோட நான் தையல்காரியிட்டப் போனவள். நீங்க ஆரோட விளையாடுறீங்க?"

கழுதையைக் காட்டினேன். மனைவி சட்டைப் பையைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்தது. இந்த உலகத்தில் மாமியைக் கழுதை என்று எழுதிக் கொடுத்த முதல் மருமகன் நானாகத்தான் இருப்பேன். முகம் பார்த்துக் கதைப்பதே மரியாதை இல்லை என்கிற வீட்டில்!

பத்து நிமிடத்தில் தேநீர் வந்தது. மனைவிதான் கொண்டுவந்து வைத்தாள். ஒரு மிடறு குடித்தேன். கடல் தண்ணீர் தோற்றது, அவ்வளவு உப்பு. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

உப்பை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு நான் கொஞ்சம் தெம்பானேன். ஆனால் மறுநாள் கேம் செட் அலுமாரிக்கு மேலே ஏறியிருந்தது. அதற்கு மறுநாளும் அங்கேயே இருந்தது. நான்கு நாள் மாமி அதைத் தொடவில்லை. திரைக்குப் பின்னால் இருந்து சோறு வேண்டுமா என்ற கேள்விகூட வரவில்லை. ஐந்தாம் நாள் மனைவியின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"உம்மாட விரல் திரும்ப இறுகுது" என்றாள்.

"நான் மன்னிப்புக் கேட்டன் எண்டு மாமிக்கிட்டச் சொல்லு" என்றேன்.

"செஞ்சது நீங்க, நீங்களே கேளுங்க. நான் செய்யிறது ஒரே உதவிதான்." அலுமாரி மேலிருந்த செட்டை எடுத்து, மாமியின் தொழுகை விரிப்பான முசல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள்.

நான் அன்று கடைக்குப் போகாமல் ஹோலில் இருந்து இன்னொரு கழுதை கீறினேன். இந்தத் தடவை அதற்குத் தாடி வைத்தேன், கண்ணாடி போட்டேன், காதில் ஒரு போனைச் செருகினேன். பார்த்தால் அச்சு அசல் நான்தான். கீழே எழுதினேன்: "மாமி, இந்தக் கழுதைக்குப் புத்தி இல்ல. மன்னிச்சிக்கங்க. கோவத்த என்னோட வைங்க, விரலோட வைக்காதீங்க." மாமி என்று நேராகக் கூப்பிட்டு நான் சொன்ன முதல் வார்த்தை அது.

பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு, மனம் ஒன்றிலும் நிற்காமல் திரும்பி வந்தேன். திரையில் கெரம் போர்ட் விரிந்து கிடந்தது. காய்களெல்லாம் நடுவில் அடுக்கியிருந்தன. மாமி எனக்காகக் காத்திருந்தார்.

அந்த ஆட்டத்தில் விட்டுக்கொடுக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். விட்டுக்கொடுக்க அவர் இடமே தரவில்லை. சிவப்புக் காயையும் எடுத்து, எனக்கு ஆறு காய் மிச்சம் இருக்கும்போதே முடித்துவிட்டார். பிறகு ஒரு படம் வந்தது. நடுங்கி நடுங்கிக் கீறிய ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு பிடி. கோப்பை! எழுத்து ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் மனைவி கொண்டுவந்த தேநீரில் சீனி அளவாக இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் அஸருக்கும் பொழுதுபட்டுத் தொழுகிற மஃரிபுக்கும் நடுவில் எங்கள் ஆட்டம். கடை பூட்டியிருக்கிற வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அந்த நேரம் கடையை என் தம்பியிடம் விட்டுவிட்டு ஓடிவந்தேன். மாமி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் திரைச்சீலை. அவர் விரலை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் ஒவ்வொரு விரலும் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது அடியில் தெரிந்தது. சுட்டு விரல் முதலில் தேறியது. நடு விரல் அடி இரண்டு கிழமை வளைந்து வளைந்து போய், பிறகு நூல் பிடித்த மாதிரி நேரானது. மோதிர விரல் சண்டித்தனம் செய்தது. அது முதல் தடவை ஒரு காயைக் குழிக்குள் தள்ளியபோது திரைக்கு இந்தப் பக்கம் நான் என்னை மறந்து கை தட்டிவிட்டேன். உள்ளே மெல்லிய சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஆனால் கெரம் வேறு, சோறு வேறு. கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது மனைவி சொன்னாள், மாமி சோற்றை அள்ளுகிறார், ஆனால் பாதி விரலிடுக்கில் வழிந்துவிடுகிறது என்று. அதற்குப் பிறகு மாமி குசினிக் கதவை முழுதாகச் சாத்திக்கொண்டுதான் சாப்பிட்டார். மனைவியையும் உள்ளே விடவில்லை. சஹனில் இருப்பாரா, மாட்டாரா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தைரியம் இல்லை.

கல்யாண நாளில் ஆண்கள் வெளியே பந்தலில், பெண்கள் உள்ளே ஹோலில். மூத்த மருமகன் என்பதால் உள்ளே போகிற சஹன்களை வாசல் திரை வரைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. மனைவி திரைக்கு அப்பால் நின்று வாங்கினாள். கடைசிச் சஹனைக் கொடுக்கும்போது, "உம்மா இரிந்திட்டா. சம்மந்திக்குப் பக்கத்துல" என்று காதோடு சொன்னாள்.

நான் அங்கிருந்து நகரவில்லை. உள்ளே மாப்பிள்ளையின் உம்மாவின் குரல் கேட்டது.

"சம்மந்தி, நீங்கதானே வீட்டுக்காரி. கோழிய நீங்களே பிரிச்சி வைங்களன்."

முழுக்கோழி. பொரித்த கோழி. நல்ல கை உள்ளவனுக்கே தொடை கழன்று வர மல்லுக்கட்ட வேண்டும். மூன்று மாதத்தில் நான் சொன்ன கேம் ஒன்றிலும் கோழி பிரிக்கிற பயிற்சி இல்லை. திரை இடுக்கில் எனக்கு மனைவியின் முகம் மட்டும்தான் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கண் சிமிட்டவில்லை. பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணால் தண்ணீர் கொட்டியது.

"என்ன? என்ன நடந்த?" என்றேன்.

பதில் உள்ளே இருந்து வந்தது. சத்தமாக, சபை முழுக்கக் கேட்கும்படி, நடுவில் யாரையும் வைக்காமல்.

"மகன், நம்மட சஹனுக்கு இன்னொரு கோழி கொண்டு வாங்க. இது பிரிச்சி முடிஞ்சிது."

யாரைக் கூப்பிடுகிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். என்னைத் தவிர அங்கே யாரும் இல்லை.

"ஓம் மாமி" என்றேன். சமையல் பந்தலுக்கு ஓடினேன். கோழிக்காக ஒரு மனுசன் ஏன் இப்படி அழுகிறான் என்று சமையல்காரர் அகப்பையோடு எழும்பி நின்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இரிக்கிறதுலயே பெரிய கோழியாப் பாத்துத் தாங்க, எங்கட மாமி பிரிக்கப் போறா" என்றேன்.